பக்கத்து இருக்கை பிரேக்

அத்தியாயம் ஒன்பது

"குட்டி எங்கே?"

முந்தின நாள் மாலை ஐந்தரை மணிக்கு அப்பா கேட்ட கேள்வி அது. தும்பி படம் வரைந்துகொண்டிருந்த தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அதன் பிறகுதான் அவள் முகம் வெளுத்தது.

நாலு வயதுத் தங்கையைப் பேருந்தின் ஜன்னல் இருக்கையில் தூங்க விட்டுவிட்டுத் தான் மட்டும் இறங்கி வந்திருக்கிறோம் என்பது, வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பதினோரு வயதுப் பெண்ணுக்கு நினைவு வந்தது.

அப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பணிமனையில் ஓட்டுநரின் மடியில் உட்கார்ந்து குட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும், "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டாள்.

குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற மூன்று பேருக்கும்தான் என்னவோ ஆகிவிட்டது. அப்பா அதற்குப் பிறகு தும்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து விஷயம் தெரிந்துகொண்ட அம்மா, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, குளித்துத் தலை துவட்டிக்கொண்டே வந்த அப்பாவிடம் அம்மா சொன்னாள்.

"இன்னைக்கு இவளை டாக்டர்கிட்ட காட்டப் போறேன்."

"எதுக்கு? காய்ச்சலா?"

"டீச்சர் எழுதிக் குடுத்த லெட்டர் ஒண்ணு இருக்கு."

"எந்த லெட்டர்?"

தையல் டப்பாவின் அடியில், நூல்கண்டுகளுக்குக் கீழே மூன்று வாரமாகப் படுத்திருந்த உறையை அம்மா எடுத்து நீட்டினாள். வகுப்பில் கவனம் நிற்பதில்லை, குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடம் காட்டினால் நல்லது என்று டீச்சர் நாலு வரி எழுதியிருந்தார். அப்பா அதை இரண்டு முறை படித்தார்.

"மூணு வாரமா? ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

"என் பொண்ணுக்குப் பைத்தியம்னு எழுதியிருக்காங்களான்னு கேட்டிருப்பேன்."

"நானும் அதையேதான் கேட்டேன். என்கிட்டயே கேட்டுக்கிட்டேன். அதான் ஒளிச்சு வெச்சேன்."

அப்பா கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். அங்கே ஏற்கெனவே இன்னொரு தாள் கிடந்தது. விடுதிப் பள்ளியின் விண்ணப்பம். போன வாரம் அவரே வாங்கி வந்து, அவரே நிரப்பி வைத்தது.

"அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா இடம் வேற பிள்ளைக்குப் போயிடும். அங்க மணி அடிச்சா எந்திரிக்கணும், மணி அடிச்சா சாப்பிடணும், மணி அடிச்சா படிக்கணும். ஒரு வருஷத்துல நட்டு போல்ட் எல்லாம் முறுக்கி அனுப்பிடுவாங்க."

"அவ என்ன மோட்டாரா?"

"மோட்டாரா இருந்தா நானே சரி பண்ணியிருப்பேனே!"

அம்மா நூல்கண்டுகளை டப்பாவில் அடுக்கினாள். அவளுக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. இன்னொரு தடவை குட்டி கிடைக்காமல் போனால்?

"டாக்டர் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டா, நீங்க சொல்றபடியே அனுப்பிடலாம்" என்றாள் மெதுவாக. "சொல்ற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்காதீங்க."

கூடத்து மூலையில் தும்பி காலணியின் கயிற்றைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளா, கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் விஷயத்தில் அது எப்போதுமே தெரியாது.

*

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலை ஒன்பது மணி பாடம் ஒரு பேக்கரிக்காரருடையது. அவர் ஆறு மாதமாகக் கற்றுக்கொள்கிறார்; இன்னும் வண்டி அவர் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கவில்லை. பின் இருக்கையில் ஒரு குடும்பமே ஏறுவதைப் பார்த்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், இன்னைக்குக் கூட்டம் சேத்துட்டீங்க?"

"ஆஸ்பத்திரி வழியாப் போறோம். உங்களுக்கும் பழக்கமாச்சு, எங்களுக்கும் காரியமாச்சு."

"குடும்பத்தையே என் கையில குடுத்திருக்கீங்க. அவ்வளவு நம்பிக்கையா என் மேல?"

"நம்பிக்கை எல்லாம் கிடையாது. என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு. அதை நம்பி ஏத்தியிருக்கேன்."

கற்றுக்கொடுக்கும் வண்டிகளில் அப்படித்தான். ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இருக்கும் மாஸ்டருக்கு ஒரு பிரேக். அதை வைத்து அப்பாவுக்கு ஒரு கொள்கையும் உண்டு. மற்ற மாஸ்டர்கள் சத்தம் போடாமல் அழுத்திவிடுவார்கள். ஓட்டுகிறவர் தானே நிறுத்தியதாக நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். உரிமம் வாங்கித் தனியாகத் தெருவில் இறங்கும் நாளில்தான் தெரியும். அப்பா அப்படிச் செய்ய மாட்டார். காலை வைத்தால் "பிரேக் என்னுது!" என்று சத்தமாகச் சொல்லிவிடுவார். பதினாலு வருடமாக அப்படித்தான்.

குட்டி பின்னால் இருந்து, "பிரேக் என்னுது! பிரேக் என்னுது!" என்று இரண்டு தெரு வரைக்கும் கத்திக்கொண்டே வந்தாள்.

பெரிய சந்திப்பு வந்தது. பேக்கரிக்காரர் இடது பக்கம் எதையோ பார்த்தார்.

"அந்த வேன்ல பாருங்க மாஸ்டர், போட்டிக் கடைக்காரன். கேக் படமே கோணலா வரைஞ்சிருக்கான்..."

விளக்கு சிவப்பானது. சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. வண்டி சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அப்பா வாயைத் திறந்தார். எதிரே கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. காலையிலிருந்தே இரத்தம் இல்லாத முகம். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா மாஸ்டர்!" என்று பேக்கரிக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "எப்படி நிறுத்தினேன்! நச்சுன்னு!"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேசைக்குப் பின்னால் உட்காராமல் நாற்காலியை இழுத்துக்கொண்டு தும்பியின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நேத்து பஸ்ல என்ன நடந்துச்சு? திட்டறதுக்காகக் கேக்கலை. எனக்குத் தெரியாதுல்ல, அதான் கேக்கறேன்."

தும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

"கிரேன் இருந்துச்சு" என்றாள் தும்பி.

"எங்க?"

"எங்க ஸ்டாப்கிட்ட. பெரிய கட்டடம் கட்டறாங்க. கிரேன் ஒரு கண்ணாடியைத் தூக்குச்சு. கதவை விடப் பெரிசு. அதுக்குள்ள வானம் இருந்துச்சு. கண்ணாடி ஆடும்போது வானம் ஆடுச்சு. மேகம் அந்தப் பக்கம் போகுது, கண்ணாடி இந்தப் பக்கம் போகுது."

"அப்புறம்?"

"ஸ்டாப் வந்துச்சு. இறங்கினேன். கண்ணாடியை மாட்டற வரைக்கும் பாத்தேன். அதை வரையணும்னு வீட்டுக்கு வந்தேன்."

"தங்கச்சி?"

தும்பி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அவ இருந்தா. என் பக்கத்துலதான் இருந்தா. அப்புறம்... இல்லை."

குட்டி இடையில் புகுந்தாள். "நான் பஸ்ஸோட வீட்டுக்குப் போனேன் டாக்டர். ஹாரன் அடிச்சேன்."

டாக்டர் சிரித்தார். பிறகு வெளியே இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, இரண்டு பெண்களுக்கும் உயரமும் எடையும் பிரஷரும் பார்க்கச் சொல்லி அனுப்பினார். கதவு சாத்தியதும் பெற்றோர் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஆறு வாரம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அதுக்கு முன்னாடி?"

"வகுப்புல மூணாவது வருவா டாக்டர்" என்றாள் அம்மா. "இந்தத் தடவை முப்பத்தி நாலாவது."

"அவளுக்குக் கவனம் இல்லைன்னு டீச்சர் எழுதியிருக்காங்க" என்றார் அப்பா. "நான் ஒத்துக்க மாட்டேன். படம் வரைய உட்கார்ந்தா மூணு மணி நேரம் அசைய மாட்டா. கவனம் இல்லாதவளுக்கு அது எப்படி முடியும்? கொழுப்பு. பிடிச்சா செய்வா, பிடிக்கலைன்னா செய்ய மாட்டா."

"எங்க மேல் வீட்டுல ஒரு பையன் இருக்கான் டாக்டர்" என்றாள் அம்மா. "அலமாரி மேல ஏறிக் குதிப்பான். அவனுக்குத்தான் கவனக் குறைபாடுன்னு சொன்னாங்க. இவ அப்படி இல்லை. வெச்ச இடத்துல இருப்பா. சத்தமே வராது."

"சத்தம் வராத பிள்ளைங்களுக்கும் இருக்கலாம்மா. குதிக்கிற பையனை எல்லாரும் பாத்துடுவாங்க. ஜன்னலைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பொண்ணை யாரும் பாக்கறதில்லை. நல்ல பொண்ணுன்னு விட்டுடுவாங்க."

"அப்ப அந்த மூணு மணி நேரப் படம்?"

"கவனம் இருக்கு சார். நிறையவே இருக்கு. எங்க போகணும், எப்ப திரும்பணும்னு அவ சொன்னா அது கேக்கறதில்லை. பிடிச்சுக்கிட்டா விடாது, விட்டுட்டா பிடிக்காது."

டாக்டர் குறிப்பேட்டைத் திறந்தார். "ஆனா ஒண்ணு எனக்குப் புரியலை. இது ஆறு வாரத்துல திடீர்னு முளைக்கிறது இல்லை. சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கணும். இருந்திருந்தா மூணாவது ரேங்க் எப்படி? ஆறு வாரத்துக்கு முன்னாடி வீட்டுல என்ன மாறுச்சு?"

"எனக்கு ஷிஃப்ட் மாறுச்சு" என்றாள் அம்மா. "பிள்ளைங்க கிளம்பினப்புறம் போய் மூணு மணிக்கு வந்துடற காலை ஷிஃப்ட்லேருந்து மதிய ஷிஃப்ட்டுக்குப் போட்டுட்டாங்க. ரெண்டு மணிக்குப் போனா, நான் வரும்போது இவங்க தூங்கிடுவாங்க. வந்து படுக்கறதுக்கே நேரமாகுது. காலையில எழுந்திரிக்க முடியலை. இவங்களேதான் கிளம்பறாங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு நாள் எப்படி இருக்கும்? எழுந்ததுலேருந்து சொல்லுங்க. நீங்க என்ன செய்வீங்க, அவ என்ன செய்வா."

அம்மாவுக்கு ஆடை ஆலையில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்துக் கண்ணால் தடவ வேண்டும். காலர், பட்டன், கைமடிப்பு என்று ஒரு சட்டைக்கு இருபத்திரண்டு இடம். பிழை இருக்கும் இடத்தில் ஒரு சிறிய சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிவிட்டால், தைத்தவர் பிரித்துச் சரி செய்வார். பன்னிரண்டு வருடமாக அதே வேலை. அவள் பேச்சும் அதே வரிசையில்தான் வரும்.

"மூணு தடவை எழுப்புவேன். பல் விளக்கறவரைக்கும் பக்கத்துல நிப்பேன், இல்லேன்னா பேஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு சுவரைப் பாத்துட்டு நிப்பா. சாக்ஸை ரெண்டு காலுக்கும் நான் எடுத்து வெப்பேன். ஒரு கால் போட்டதும் அப்படியே உட்கார்ந்துடுவா. பையை நான் அடுக்குவேன். நோட்டை எல்லாம் முந்தின நாளே செக் பண்ணிடுவேன். தப்பு எங்க இருக்கோ அங்க ஒரு அம்பு ஒட்டிடுவேன். அம்பைப் பாத்தா அவளே திருத்திடுவா, கெட்டிக்காரி. பரீட்சைக்கு உட்கார்ந்தா நானும் பக்கத்துல உட்காருவேன். பேச மாட்டேன். அவ கண்ணு புத்தகத்தை விட்டுப் போனா என் விரலால வரியைத் தொடுவேன். திரும்பி வந்துடும். சாயந்திரம் குட்டியோட பஸ் ஏறினா வீட்டுலேருந்து போன் போடுவேன். அவகிட்ட சின்ன போன் ஒண்ணு இருக்கும். 'குட்டி கையைப் பிடிச்சிருக்கியா?' ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் போடுவேன். ஆறு ஸ்டாப், ஆறு போன்..."

அம்மா சொல்லிக்கொண்டே போனாள். தாய் ஒருத்தி தன் கடமையைச் சொல்லும் பெருமையோடுதான் ஆரம்பித்தாள். நடுவில் எங்கோ அவள் குரல் மெலிந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா?"

"அவ ஸ்கூல் போக ஆரம்பிச்சதுலேருந்து."

டாக்டர் பேனாவை மூடினார்.

"பிரேக் என்னுது" என்றார் அப்பா.

"என்ன சார்?"

அப்பா எழுந்து நின்றுவிட்டார். தான் எழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"இல்லை டாக்டர்... வரும்போது சிக்னல்ல... ஓட்டினவர் தான் நிறுத்தினதா நினைச்சுக்கிட்டார். நான்தான் கால் வெச்சேன். அவருக்குத் தெரியலை." அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ காலை எடுத்ததே இல்லையா? ஒரு நாள்கூடவா?"

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் கை தானாக வாய்க்குப் போனது.

மூணாவது ரேங்க். ஐந்து வருடம். அது தும்பியும் அவளும் சேர்ந்து வாங்கியது. அவள் ஷிஃப்ட் மாறிய அன்று, சொல்லாமல் கொள்ளாமல் காலை எடுத்துவிட்டாள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

"அப்ப நான்தான் கெடுத்தேனா டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க தாங்கிப் பிடிச்சீங்க. அதுல தப்பே இல்லை. அவளுக்கு அது தேவைப்பட்டுச்சு. இவ்வளவு தேவைப்படுதுங்கறது மட்டும் யாருக்கும் தெரியாமப் போச்சு. உங்களுக்கே தெரியலை."

கதவு தட்டப்பட்டது. நர்ஸ் தலையை நீட்டினாள்.

"டாக்டர், பெரிய பொண்ணு சட்டைக் கையை மடிக்க விடமாட்டேங்குது. பிரஷர் பாக்க முடியலை. கொஞ்சம் வாங்களேன்."

நர்ஸின் முகம் சரியில்லை.

*

பக்கத்து அறையில் தும்பி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வலது கையால் இடது சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசினார். வலிக்காது என்றார். கையில் சுற்றும் பட்டையைக் காட்டி, காற்று போகும்போது வரும் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். சத்தத்தில் தும்பியின் கவனம் போனது. பிடி தளர்ந்தது.

அம்மாதான் சட்டைக் கையை மேலே தள்ளினாள்.

மணிக்கட்டுக்கு மேலே ஒரு சிவப்பு அம்பு. அதற்கு மேலே ஒன்று. முழங்கைக்குள் ஒன்று. அம்மா தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. தோள் வரைக்கும். கழுத்தில் பின்னலை நகர்த்தினால் அங்கே இரண்டு. காதுக்குப் பின்னால் ஒன்று. பதினொரு அம்புகள், எல்லாம் மேல் நோக்கி.

அம்மா தினமும் முந்நூறு சட்டைகளுக்கு ஒட்டும் அதே ஸ்டிக்கர். அவளுடைய கைப்பையிலிருந்து எடுத்தது.

"இது என்னடி?" என்றாள் அம்மா.

"தப்பு எங்க இருக்குன்னு பாத்தேன்" என்றாள் தும்பி.

டாக்டர் பட்டையைக் கீழே வைத்தார்.

"நீதானேம்மா சொல்லுவ? அம்பு ஒட்டினா எங்கன்னு தெரியும், தெரிஞ்சா சரி பண்ணிடலாம்னு. முதல்ல கையில இருக்குன்னு நினைச்சேன். நான்தானே குட்டி கையை விட்டேன். அப்புறம் கையில இல்லைன்னு தோணுச்சு. மேல மேல போனேன்." காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு மேல தலைக்குள்ளதான் இருக்கு போல. உள்ள ஒட்ட முடியாதுல்ல."

அம்மா முதல் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். துணியில் ஒட்டினால் ஒரு இழுப்பில் வந்துவிடும். தோலில் அப்படி வரவில்லை. கீழே சிவந்து தடித்திருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அப்பா முன்னால் வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் எண்ணெயில் நனைத்த பஞ்சைக் கொடுத்தாள். நேற்று மாலையிலிருந்து மகளைத் தொடாதவர், ஒவ்வொன்றாக ஊறவைத்து எடுக்க ஆரம்பித்தார்.

"வலிக்குதா?"

தும்பி இல்லை என்று தலையாட்டினாள். அப்பா பேசிவிட்டார் என்பதை நம்ப முடியாதவள் போல அவர் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு குடுங்கப்பா" என்று குட்டி கை நீட்டினாள். "நானும் ஒட்டிக்கறேன்."

"ஒட்டக் கூடாது!" என்று அப்பா போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

*

குழந்தைகளை நர்ஸிடம் விட்டுவிட்டு மறுபடி டாக்டர் அறைக்கு வந்தார்கள். அப்பாவின் சட்டைப் பையில் பதினொரு ஸ்டிக்கர்கள் சுருண்டு கிடந்தன.

"இன்னைக்கே இதுக்கு ஒரு பேர் வெச்சு அனுப்ப மாட்டேன்" என்றார் டாக்டர். "இரத்தம் எடுத்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை இது. காது நல்லாக் கேக்குதா, கண்ணு சரியா, தூக்கம் போதுமான்னு பாக்கணும். வீட்டுக்கு ஒரு படிவம், டீச்சருக்கு ஒரு படிவம் தரேன். ரெண்டு இடத்துலயும் என்ன நடக்குதுன்னு தெரியணும். ரெண்டு வாரத்துல வாங்க. அந்த ஸ்டிக்கரைப் பத்தியும் அவகிட்ட நான் தனியாப் பேசணும். தன்னையே இவ்வளவு வெறுக்க விடக்கூடாது."

"மருந்து குடுப்பீங்களா?"

"தேவைப்பட்டா அதையும் பேசலாம். அதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும், டீச்சரும் பழகிக்க வேண்டியது நிறைய இருக்கு. ஒண்ணு மட்டும் இன்னைக்கே சொல்றேன் சார். இது சோம்பேறித்தனம் இல்லை. திமிர் இல்லை. கண்டிப்பு போதாததால வந்ததும் இல்லை."

அப்பா தரையைப் பார்த்தார். "விடுதியில சேக்கலாம்னு இருந்தேன். அங்க ரொம்ப ஒழுங்கு."

"ஒரு கையை எடுத்ததுக்கே ஆறு வாரத்துல என்ன ஆச்சுன்னு பாத்தீங்க. இப்ப மிச்சக் கையையும் எடுக்கணுமா?"

அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"தங்கச்சியைக் கூட்டிட்டு வர்ற வேலையை மட்டும் இப்போதைக்குப் பெரியவங்க யாராவது எடுத்துக்கங்க. அது தண்டனை இல்லைன்னு அவகிட்டத் தெளிவாச் சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் காரில் பேக்கரிக்காரர் இருந்தார். வீட்டு விஷயத்தை வெளியாள் முன்னால் பேசுவதா என்று அம்மா பேசாமல் வந்தாள். அப்பாவுக்கு முதலில் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

"காலையில அந்த சிக்னல்ல பிரேக் போட்டது நான்" என்றார்.

பேக்கரிக்காரர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்; அப்பா சாலையைக் காட்டினார்.

"ஏன் மாஸ்டர் அப்பவே சொல்லலை? நீங்க உள்ள இருந்த நேரத்துல நான் வீட்டுக்குப் போன் போட்டுப் பெருமையடிச்சுட்டேனே!"

"சொல்லியிருக்கணும். தப்பு என்னுது."

"அதானே பாத்தேன். என் கால் வைக்கறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடுச்சு. நமக்கு அவ்வளவு திறமை ஏதுன்னு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. நல்லா இருந்துச்சேன்னு விட்டுட்டேன்."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

வீடு வந்து சேர்ந்தபோது ஒரு மணி. அம்மாவுக்கு இரண்டு மணிக்கு ஷிஃப்ட். அவள் உடை மாற்றவில்லை.

"நான் இன்னைக்குப் போகலை. நாளைக்கு மேனேஜரைப் பாத்து, காலை ஷிஃப்ட் குடுங்கன்னு கேக்கறேன்."

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா பாத்துக்கலாம். முதல்ல அந்த விடுதிக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

அப்பா விண்ணப்பத்தைத் தேடினார். காலையில் மேசைமேல் வைத்த இடத்தில் அது இல்லை. டீச்சரின் கடிதம் மட்டும் கிடந்தது. எண் தன் போனிலேயே இருப்பது நினைவு வந்து கூப்பிட்டார். வார்டன் அம்மாள் எடுத்தார்.

"வணக்கம்மா. என் பொண்ணு விஷயமாப் பேசறேன். ஆறாம் வகுப்பு இடம்..."

"ஓ, நீங்களா சார்? அதான் காலையிலயே உறுதியாயிடுச்சே."

"யார் உறுதி பண்ணாங்க?"

"உங்க பொண்ணுதான் பேசினா. உங்க நம்பர்லேருந்துதான் வந்துச்சு. அப்பா குளிக்கறாரு, என்னைச் சொல்லச் சொன்னாருன்னா. நல்ல தெளிவாப் பேசினா சார். விண்ணப்ப நம்பர், பிறந்த தேதி எல்லாம் தடுமாறாமச் சொன்னா. இன்னைக்கே வரலாமான்னு கேட்டா. எங்க வேன் அந்தப் பக்கம் நாலு மணிக்கு வருது, ஏத்திக்கச் சொல்லிட்டேன்."

அப்பாவின் முகத்தைப் பார்த்து அம்மா அருகில் வந்தாள். அவர் போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"வேற... வேற என்ன கேட்டா?"

"ஒரே ஒரு கேள்விதான் சார். எல்லாப் பிள்ளைங்களும் சாப்பாடு எப்படி, லீவு எப்பன்னு கேக்கும். இவ, 'வாசக் கதவைப் பூட்டி வெப்பீங்களா'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'அப்ப சரி'ன்னா."

அப்பா போனைக் கையில் பிடித்தபடியே உள்ளறைக்கு நடந்தார். அம்மா அவருக்கு முன்னால் ஓடினாள்.

கட்டிலின் மேல் தும்பியின் பை இருந்தது. விண்ணப்பம் அதன் பக்கத்தில் விரித்துக் கிடந்தது. கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தாள். துண்டு, சோப்பு, இரண்டு போர்வை. பாதிப் பட்டியலைத் தாண்டியிருந்தாள். யாரும் பக்கத்தில் இல்லை. யாரும் விரலால் வரியைத் தொடவில்லை.

தரையில் குட்டி தன் காலணிகளை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு, கையில் பொம்மையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"தும்பி" என்றாள் அம்மா. "நீ எங்கயும் போக வேண்டாம். அப்பா உன்னை அனுப்பலை. கேக்குதா?"

தும்பிக்குக் கேட்டது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஆனால் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா அனுப்பலைம்மா. நானாத்தான் போறேன்."

"அக்கா, நானும் வரேன்" என்றாள் குட்டி.

"நீ வரக் கூடாது." தும்பி குனிந்து, மாறிப் போயிருந்த தங்கையின் காலணிகளைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். "மறுபடி உன்னை பஸ்ல விட்டுட்டு வந்துடக் கூடாதுன்னுதானே நான் போறேன்."

அப்பாவின் கையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"ஹலோ? சார், லைன்ல இருக்கீங்களா? வேன் வரட்டுமா, வேண்டாமா?"